என் நிலத்தின் மீது நான் கொடுத்த புகார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் நான் ஒரு முட்டாள்.

மற்ற வாரங்களில் மட்டும் என்னவாம் என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருக்கட்டும். இந்த வாரம் அதற்கு அரசு ஆதாரம் இருக்கிறது. அளந்து, கல் நட்டு, என்னிடமே கையெழுத்தும் வாங்கிப்போன ஆதாரம்.

தன் நிலத்தை யாராவது வளைத்துப் போட்டால் மனிதர்கள் புகார் கொடுப்பார்கள். அரசு நிலத்தை வளைத்தால் பொதுநல ஆர்வலர்கள் கொடுப்பார்கள். தன் சொந்த நிலத்தையே, 'இது அரசு நிலம், தயவுசெய்து உடனே மீட்டுக்கொள்ளுங்கள்' என்று மனு எழுதிக் கெஞ்சிய ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? ஓசூருக்கு வாருங்கள், காட்டுகிறேன். மீசை வைத்திருப்பான். கண்ணாடி போட்டிருப்பான். வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்லிப் பத்தி எழுதுவான்.

நடந்தது இதுதான்.

தொரப்பள்ளி போகிற வழியில், ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டமாக இருந்து பிறகு லேஅவுட் ஆன இடத்தில் எங்கள் வீடு. எங்கள் வரிசையில் மூன்றே மனைகள். மேற்குக் கோடியில், சாலை திரும்பும் மூலையில் நான். நடுவில் வெங்கடேசப்பா. தொழிற்பேட்டையில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் தெலுங்கு பேசுவார், மார்க்கெட்டில் கன்னடம் பேசுவார், என்னைத் திட்டுவதற்கென்று தமிழைத் தனியாக வைத்திருக்கிறார். கிழக்குக் கோடியில் ஒரு காலி மனை. அதைத் தாண்டினால் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம். அங்கே இப்போதைக்குப் பார்த்தீனியச் செடிகள் மட்டும் உலாவுகின்றன.

என் மேற்குக் காம்பவுண்டுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் உண்டு. மூன்றடி அகலம் இருக்கும். கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள் பைக்கை அங்கே சாய்த்துவிட்டு ஷிஃப்டுக்குப் போவார்கள். ஓர் இளநீர் வண்டியும் நிற்கும். வெட்டிப்போட்ட மட்டைகள் மலையாகக் குவியும். எனக்குப் பொறுக்குமா? சமூக அக்கறை பொங்கிவிட்டது. 'சாலையோர அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கும் இளநீர் வண்டியை அகற்றுக' என்று அழகான தமிழில் மனு. பதில் வராததால் நினைவூட்டல். அதற்கும் பதில் வராததால் இன்னும் அழகான தமிழில் இன்னொன்று.

இப்படியாக நான் நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான், போன மாதம் ஒரு மாலை, நஸ்ரின் வாசலில் வந்து நின்றார்.

நஸ்ரின்தான் அந்தக் காலி மனையின் சொந்தக்காரர். சிங்காரப்பேட்டைப் பக்கம் பிறந்தவர். இங்கே ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். கணவருக்குக் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"சார், என் மனையில மூணு அடியக் காணோம்."

"நல்லாத் தேடிப் பாத்தீங்களாம்மா? சோபாவுக்கு அடியில?"

நகைச்சுவையாம். அவர் சிரிக்கவில்லை. வீட்டு லோனுக்காக பேங்க் இன்ஜினியர் வந்து டேப் பிடித்திருக்கிறார். பத்திரத்தில் மனையின் அகலம் முப்பதடி. தரையில் இருபத்தேழுதான் இருக்கிறது. வெங்கடேசப்பாவின் சுவரில் தொடங்கி பூங்காவின் கல் வரை எப்படிப் பிடித்தாலும் இருபத்தேழு.

"மாசக் கடைசிக்குள்ள அளவு சரியா இருக்கணுமாம், இல்லன்னா லோன் இல்லயாம். இப்ப இருக்கற வாடகை வீட்டயும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க சார். மூணு அடி போனா என் அடுப்படியே போச்சு."

"அடடா."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னாங்க. மனை வாங்கறது எப்படின்னு எழுதியிருக்கீங்களாமே."

எழுதினேன். ஐயா, எழுதினேன். இதே பத்தியில்தான். பத்திரத்தில் நான்கு எல்லையையும் படியுங்கள், வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், மூலைக்கல்லைக் கண்ணால் பாருங்கள் என்றெல்லாம் வெளுத்து வாங்கியிருந்தேன். பலர் பாராட்டினீர்கள். என் பத்திரம் அப்போது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை அதுவரை நான் படித்ததேயில்லை.

ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? போனை எடுத்தேன். மேப்பைத் திறந்து, நீலப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே அவருடைய மனையைச் சுற்றி நடந்தேன். புள்ளி என்னை விட்டுவிட்டு வெங்கடேசப்பாவின் சமையலறைக்குள் போய் நின்றது. அடுத்த நிமிடம், கர்நாடகாவுக்கு என்னை வரவேற்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. மாநில எல்லையோரத்து எங்கள் ஊர் போன்களுக்கு இது வழக்கம்தான். ஆனால் நில அளவையின் நடுவே வந்தால் கொஞ்சம் கலவரமாகத்தான் இருக்கிறது.

"சர்வேக்கு எழுதிக் கொடுங்கம்மா," என்றேன் கம்பீரமாக. "வந்து அளந்தா யாரு யாரோட இடத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சிடும்." சொல்லும்போது வெங்கடேசப்பா வீட்டுப் பக்கம் அர்த்தத்தோடு ஒரு பார்வை பார்த்தேன்.

அந்தப் பார்வையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சர்வேயர் வந்த அன்று ஓசூருக்கே உரிய தூறல். அக்கம்பக்கத்துச் சொந்தக்காரர்கள் உடன் இருக்க வேண்டும் என்பதால் எங்களுக்கும் அழைப்பு. நான் குடையும் வரைபடமுமாக ஆஜரானேன். தொப்பி போட்ட இளம்பெண்தான் சர்வேயர். மூன்று கால் ஸ்டாண்டில் மெஷினை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றேன். "இந்தப் படமே தப்பு. பூங்காவை மேற்கால போட்டிருக்காங்க."

அவர் என் கையிலிருந்த படத்தை வாங்கினார். தலைகீழாகத் திருப்பினார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பூங்கா கிழக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

"எல்லாப் படத்துலயும் வடக்கு மேல இருக்காது சார். ஓரத்துல அம்பு போட்டிருக்கும். முதல்ல அதைப் பாருங்க."

வெங்கடேசப்பா இருமினார். அது இருமல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"கார்னர் மனை உங்களுதுதானே சார்? உங்க மூலைக்கல் எது?"

இதற்குத்தானே காத்திருந்தேன்! எல்லாரையும் என் காம்பவுண்டின் மேற்கு மூலைக்கு அழைத்துப் போனேன். சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்தில், மஞ்சளும் குங்குமமுமாக ஜொலிக்கும் கருங்கல். லேஅவுட்டில் முதலில் வீடு கட்டியவன் நான்தான். பூமி பூஜையன்று மேஸ்திரி "கல்லு எது சார்?" என்று கேட்டபோது, புதருக்குள் புகுந்து இந்தக் கல்லைக் கண்டுபிடித்துக் காட்டியவனும் நானே. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் என் மனைவி கமலா அதற்கு மஞ்சள் பூசிப் பூ வைக்கிறாள்.

சர்வேயர் குனிந்து ஸ்க்ரூடிரைவரால் மஞ்சளைச் சுரண்டினார். ஓர் அடுக்கு. இன்னொரு அடுக்கு. பக்கவாட்டில் ஓர் ஓட்டை தெரிந்தது. ஓட்டைக்குள் துருப்பிடித்த கம்பித் துண்டு.

"சார், இது சர்வே கல் இல்ல."

"பின்னே?"

"திராட்சைப் பந்தல் கல்லு."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. திராட்சைக் கொடி ஏற்றும் பந்தலுக்குக்கூடக் கல்தூண்தான் நடுவார்கள். அதில் ஓட்டை போட்டுக் கம்பி கோர்ப்பார்கள். தோட்டம் லேஅவுட் ஆனபோது தூண்களையெல்லாம் பிடுங்கியவர்கள், இடுப்பு ஒடிந்த ஒன்றை மட்டும் எனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஓரி தேவுடா!" என்றார் வெங்கடேசப்பா.

கமலா என்னைப் பார்த்தாள். "ஏங்க... அப்ப இத்தன வருஷமா நான் கும்பிட்டது?"

"பந்தலை," என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

அதற்குள் சர்வேயர் மெஷினைப் பார்த்துப் பார்த்து நடந்து, என் சுவருக்கு வெளியே, இளநீர் மட்டை மலையின் மீது ஒரு கொடியைக் குத்தினார். மட்டைகளை அள்ளிப்போட்டுத் தோண்டியதும் அடக்கமாக ஒரு சின்னக் கல். தலையில் செதுக்கிய அம்புக்குறி. என் சுவரிலிருந்து சரியாக மூன்றடி மேற்கே.

"உங்க பத்திரத்துல மேற்கு எல்லை என்ன போட்டிருக்கு சார்?"

முதல்நாள் இரவுதான் பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துப் படித்திருந்தேன். "சாலை."

"அப்ப உங்களுக்கும் சாலைக்கும் நடுவுல வேற யாரு வர முடியும்?"

"அரசாங்கம்," என்றேன். "நான்தான் மனு போட்டு வரச் சொல்லியிருக்கேன்."

இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளா நான் உங்க எடத்துலயா சார் நின்னுட்டிருந்தேன்? சொல்லியிருந்தா உங்களயே கேட்டிருப்பேனே!"

நண்பர்களே, இப்போது கணக்கைப் பாருங்கள். பந்தல் கல்லை நம்பி நான் மூன்றடி தள்ளி ஆரம்பித்தேன். அதனால் என் கிழக்குச் சுவர் வெங்கடேசப்பாவின் மனைக்குள் மூன்றடி போய்விட்டது. அவருடைய கிழக்குச் சுவர் நஸ்ரினின் மனைக்குள் மூன்றடி. நஸ்ரினுக்கு அந்தப் பக்கம் பூங்கா. பூங்காவைத் தள்ள முடியாது. ஆகவே வரிசையில் கடைசியாக நின்ற பெண்ணின் அடுப்படி, முதலில் நின்ற என் வீட்டு வாசலில், இளநீர் மட்டைக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"எங்க மேஸ்திரி கல்லத் தேடறேன்னுதான் சார் சொன்னான்," என்று சர்வேயரிடம் முறையிட்டார் வெங்கடேசப்பா. "நான்தான், 'எதுக்குடா, ரைட்டர் சார் சுவரு இருக்கு, படிச்சவரு, அதுலேர்ந்து டேப்பப் புடி'ன்னேன்."

அவரைக் குறை சொல்ல முடியுமா? யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாருமே அப்படித்தானே? பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், கல்யாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம், என்ன கார் வாங்கலாம்... எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்துதான் டேப் பிடிக்கிறோம். முன்னால் கட்டினவன் பார்த்துத்தான் கட்டியிருப்பான் என்று ஒரு நம்பிக்கை. அந்த முன்னால் கட்டினவன் நானாகக்கூட இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை!

சர்வேயர் மூன்று மனைகளின் மூலைகளிலும் கல் நட்டார். "பத்திரம் சரி, படம் சரி. சுவருதான் தப்பு. இடிச்சுக் கட்டறத நீங்க பேசிக்கங்க," என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பேசிக்கொள்வது அத்தனை சுலபமா? வீடுகளுக்கு ஆபத்தில்லை. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் கிழக்குப் பக்கம் ஐந்தடிச் சந்து விட்டிருக்கிறோம். சுவர்களை மூன்றடி மேற்கே நகர்த்தினால் சந்து இரண்டடியாகும். என் வயிற்றை வைத்துக்கொண்டு இனி நான் அதில் பக்கவாட்டில்தான் போக முடியும். அது என் பாடு. ஆனால் வெங்கடேசப்பாவின் சந்தில், சரியாகப் புதுக்கல்லுக்கு நஸ்ரின் பக்கம், ஒரு மாமரம் நிற்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்ட மல்கோவா. இந்த வருடம்தான் முதல் பூ.

"எதை வேணா இடிங்க. என் மரம் அடுத்தவங்க எடத்துக்குப் போகாது," என்றார். "மொதல்ல தப்புப் பண்ணவரு அவரு. அவரு சுவர அவரு இடிக்கட்டும். அப்பறம் வந்து எங்கிட்டப் பேசுங்க."

கதவு சாத்தப்பட்டது.

நஸ்ரின் தூறலில் நின்றுகொண்டிருந்தார். "கோர்ட்டுக்குப் போனா என் பொண்ணுதான் சார் வீடு கட்டுவா," என்றார். "எனக்குச் சண்ட வேணாம். அடுப்படிதான் வேணும்."

'மனை வாங்குவது எப்படி' என்று எழுதியவன், கடைசியில் ஒரு கடப்பாரையைக் கடன் வாங்கி வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்கும் வெங்கடேசப்பாவுக்கும் நடுவிலிருந்த சுவரின் முன் நின்றேன். வெறும் ஹாலோ பிளாக் சுவர். ஓங்கி ஒரு குத்து. சுவர் அசையவில்லை. என் தோள் அசைந்தது. இன்னொரு குத்து. கொஞ்சம் பெயின்ட் உதிர்ந்தது. மூன்றாவது குத்தில் கடப்பாரை நழுவி என் செருப்பின் மேல் விழுந்தது. நல்லவேளை, கால் அப்போது செருப்பில் இல்லை. ஏற்கெனவே பயந்து வெளியே வந்திருந்தது.

அந்தப் பக்கம் வெங்கடேசப்பா பல் துலக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க டூல் ரூமில் வேலையைச் சுத்தமாகச் செய்தவர். எவ்வளவு நேரம்தான் தாங்குவார்?

"யோவ்!" வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார். 'சார்' எல்லாம் போய்விட்டது. "கடப்பாரையப் பேனா மாதிரி புடிச்சிருக்கே! குடுய்யா இங்க!"

"நீங்கதான இடிக்கச் சொன்னீங்க..."

"இடிக்கச் சொன்னேன். கிச்சுகிச்சு மூட்டவா சொன்னேன்? மேல் வரிசைலேர்ந்து கழட்டணும். பிளாக் முழுசா வந்தா மறுபடி கட்ட ஆகும்ல?"

அவர் கழற்ற ஆரம்பித்தார். என்னிடம் கொடுத்தார். நான் வாங்கி வைத்தேன். அதையும் கோணலாக வைக்கிறேன் என்று திட்டினார். டிபன் நேரத்துக்குச் சுவரில் பாதி இறங்கிவிட்டது. இரவு ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாக வந்த நஸ்ரின், பையை வைத்துவிட்டுப் பிளாக்குகளை அடுக்க ஆரம்பித்தார். நேராக அடுக்கினார். வெங்கடேசப்பா அதைக் கவனித்தார்.

"அங்கிள்," என்றார் நஸ்ரின், அடுக்கிக்கொண்டே. "மரத்த வெட்டப் போறதில்ல. பிளான்ல அந்தப் பக்கம் சந்துதான் வருது. அடுப்படி ஜன்னல மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கறேன், கிளை இடிக்காம."

வெங்கடேசப்பா அடுத்த பிளாக்கைக் கழற்றினார்.

"காயி?"

"நீங்கதான் பறிச்சித் தரணும். எனக்கு மாங்கா திங்கத்தான் தெரியும். ஏறத் தெரியாது."

இன்னொரு பிளாக்.

"தண்ணி ஊத்த வரணுமே. புதுச் சுவத்துல சின்னதா ஒரு கேட்டு வெக்கலாமா?"

"வெக்கலாம் அங்கிள். தாழ்ப்பாள உங்க பக்கமே வெச்சிக்கங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடப்பாரைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தன் கிழக்குச் சுவரின் மேல் வரிசையை அவரே கழற்றிக்கொண்டிருந்தார், மல்கோவாவுக்கு ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு. தப்பு என்னுடையது என்பதால் சுவர்களைத் திரும்பக் கட்டும் செலவு என் தலையில். அதைப் பற்றி கமலா சொன்னதை அச்சில் போட முடியாது.

நடுவில் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் கையில் ஃபைலோடு வந்தார். என் மனுவுக்கு உயிர் வந்திருந்தது! அவர் புதுக்கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார்.

"புகார் குடுத்தது நீங்க. எடமும் உங்களுது. இப்ப நான் யாரை சார் அகத்தறது?"

இளநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. மட்டைகளை மட்டும் மாலையில் அள்ளிவிடுகிறார். வெள்ளிக்கிழமை கமலா வெளியே போய் அம்புக்குறிக் கல்லுக்குப் பூ வைக்கிறாள். பந்தல் கல்லுக்கும் வைக்கிறாள். பழகின தெய்வத்தை எப்படிங்க விடறது என்கிறாள்.

பேங்க் இன்ஜினியர் மறுபடி வந்தார். கல்லுக்குக் கல் டேப் பிடித்தார். "முப்பது," என்றார். நஸ்ரின் அவரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். மாதக் கடைசிக்கு முன்பே லோன் வந்துவிட்டது.

இந்த வாரம் அஸ்திவாரத்துக்கு மார்க்கிங். மறுபடியும் தூறல். மேஸ்திரி சுண்ணாம்புத் தூளோடு தயாராக நிற்கிறார். நஸ்ரினின் கணவர் கிருஷ்ணகிரியிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறார். மகள் பள்ளிச் சீருடையில் வந்து, எது தன் ரூம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெங்கடேசப்பா புதுக் கேட்டின் வழியாக வந்து மரத்தடியில் நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகு நில அளவையில் நானும் பாதி நிபுணன் இல்லையா? இடது கையில் குடையோடு பாய்ந்து போய், வலது கையால் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்கம்மா, எந்தக் கல்லுல வெக்கணும்?"

நஸ்ரின் டேப்பை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"நீங்க குடையப் புடிங்க சார்."